உள்ளங்கையில் அப்பம்

பாவ அறிக்கைக்காகக் கோயில் முழுக்க முழங்காலில் நின்றது. கெத்சியாளும் நின்றாள். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. அதற்கென்ன, திருவிருந்தில் சேர்த்துக்கொள்கிற திடப்படுத்தல் எடுத்த வயதிலிருந்து மாதம் தவறாமல் சொல்லிப் பழகிய வாய், ஆள் இல்லாவிட்டாலும் அது ஓடும். கண்தான் மூட மாட்டேன் என்றது. அவளுக்கு நேர் முன்னால் இருந்த பெஞ்சின் ஓரத்தில், முழங்கால்போட முடியாமல் உட்கார்ந்தபடியே குனிந்த ஒரு பிடரி இருந்தது. முக்காடு நழுவி, நரைத்த கொண்டைக்குக் கீழே எலும்பு தெரிகிற, வேர்வை கோத்த பிடரி. ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஆராதனை செய்கிறாள். குணசீலியின் பிடரி. அவளுடைய சம்பந்தியின் பிடரி. அவளுடைய ஒரே மகள் ஹெப்சியைக் காய்ச்சலில் படுக்கப்போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், ஜெபம் ஜெபம் என்று சொல்லியே சாகக்கொடுத்தவளின் பிடரி. இதை கெத்சியாள் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டாள். மாதர் சங்கத்துச் செயலாளர் அப்படியெல்லாம் பேசலாமா? ஆண்டவர் கொடுத்தார், எடுத்துக்கொண்டார் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்வாள், முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு. உள்ளே இருந்த வார்த்தை வேறு. அது உள்ளேயே கிடந்து புளித்துக்கொண்டிருந்தது. இன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து அது பொங்கிக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் இன்றைக்குக் குணசீலி திருவிருந்துக்கு எழுந்து வருவாள். வரக்கூடும். வர மாட்டாள், அவள் மூட்டு விடாது. விட்டால்? பாவ அறிக்கை முடிந்து எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கெத்சியாளின் வாயும் சொன்னது, மற்றவர்களைவிடச் சற்றுச் சத்தமாகவே.

இந்தத் தேவநேசபுரத்துக் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் திருவிருந்து. பொம்பிளைகள் பாதிப் பேர் வெள்ளைச் சேலையில் வருவார்கள். பெஞ்சு பெஞ்சாக எழுந்து, பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக் கிராதிக்குப் போய் வரிசையாக முழங்கால்போட வேண்டும். பாதிரியார், இந்தப் பக்கத்தில் அவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், ஒவ்வொரு உள்ளங்கையிலும் காசு அகலத்தில் ஓர் அப்பம் வைத்துக்கொண்டு போவார். அந்த வரிசை முடிந்ததும் வெள்ளிப் பாத்திரத்தில் திராட்சரசம். எத்தனை பேர் இருந்தாலும் ஒரே பாத்திரம்தான். ஒருத்தர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, அடுத்தவர் வாயில் வைப்பார். மனசில் பகையை வைத்துக்கொண்டு அங்கே போகக் கூடாது. போகாமல் உட்கார்ந்திருந்தால் முழுக் கோயிலும் பார்க்கும், மதியச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். அதனால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. வேலிச் சண்டை, கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்ட சண்டை, எதுவானாலும் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருவார்கள், போகும்போது மறக்காமல் மாட்டிக்கொள்வார்கள். குணசீலி ஒருத்திதான் உட்கார்ந்தாள். ஹெப்சியை அடக்கம்பண்ணின பிறகு வந்த முதல் திருவிருந்தில் அவள் பெஞ்சு எழுந்தது, அவள் எழவில்லை. யாரும் அவளை வராதே என்று சொல்லவில்லை. தானாகவே உட்கார்ந்துகொண்டாள். ஓரத்தில் இருந்தவள் என்பதால் மற்ற பொம்பிளைகள் அவள் முழங்காலை உரசிக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. அவள் காலைச் சாய்த்து வழிவிட்டாள், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அன்றைக்கு கெத்சியாளுக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, குளிரத்தான் செய்தது. மகள் போன துக்கத்தில் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தவளுக்கு அன்றைக்கு மத்தியானம்தான் பசித்தது. அதற்குப் பிறகு மாதா மாதம் அவள் திருவிருந்துக்குப் போனதே அதற்குத்தான். அப்பத்துக்கும் அல்ல, ரசத்துக்கும் அல்ல. போய்விட்டுத் திரும்பி வரும்போது நடுவழியில் மெல்ல நடந்து, வெள்ளைச் சேலையின் நுனி அந்த முழங்காலில் படுகிற மாதிரி கடந்து வருவதற்கு. நீ உட்கார்ந்திரு. நான் போய்விட்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான். அதுதான் அவளுடைய திருவிருந்தாக இருந்தது.

பாட்டு தொடங்கியது. ஆர்கன் வாசிக்கிறவர் எப்போதும்போல ஓர் அடி முன்னாலேயே ஓட, சபை பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனது. விசிறி கடகடத்தது. மேலே உத்தரத்தில் வௌவால் வாடை, கீழே பினாயில் வாடை, நடுவில் மல்லிகைப்பூ. குணசீலியின் பிடரியில் ஒரு வேர்வைத்துளி இறங்கி ரவிக்கைக்குள் போனதை கெத்சியாள் பார்த்தாள். இவள் எழுந்திருப்பாளா மாட்டாளா? போன வாரம் ஐயர் வீட்டுக்கு வந்திருந்தார். சின்ன வயசு, மாற்றலாகி வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது. டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குணசீலியம்மா திருவிருந்துக்கு வரலாமா என்று கேட்கிறாவ என்றார். நான் வரலாம் என்று சொன்னேன், ஆனால் உங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருவேன் என்கிறாவ, உங்களுக்கு மனசில ஒண்ணும் தடை இல்லையே என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். இருக்கு ஐயரே, மலை மாதிரி இருக்கு என்று சொல்லியிருக்கலாம். கெத்சியாள் என்ன சொன்னாள்? எனக்கென்ன ஐயரே, அது அவங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம், நான் என்னைக்கோ மன்னிச்சாச்சு என்றாள். நாக்குக் கூசவில்லை. அது மட்டுமா, அவங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். ஐயருக்கு முகம் மலர்ந்துவிட்டது, பாவம். உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். கெத்சியாள் டம்ளரைக் கழுவப் போனாள். தினமும் ஜெபித்தது பொய் இல்லை. அவளுக்காகத்தான் ஜெபித்தாள். அவளை விட்டுவிடாதேயும் ஆண்டவரே, அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டாம், அவளுக்குத் தூக்கம் வர வேண்டாம். ஒவ்வொரு நாளும் படுக்கப்போகும் முன்னால் தலைமாட்டில் முழங்கால்போட்டு இதைத்தான் கேட்டாள். இதற்குப் பெயர் ஜெபமா, போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கொடுக்கிற புகாரா? அந்த டம்ளரைக் கழுவும்போது வந்த கேள்வி ஒரு வாரமாகப் போகவில்லை.

ஊரில் யாருக்கு நோய் என்றாலும் கெத்சியாளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஜெபம் பண்ணினால் கல்லும் கரையும் என்பார்கள். குரலைத் தாழ்த்தி ஆரம்பித்து, நடுவில் தழுதழுத்து, கடைசியில் உயர்த்தி முடிப்பாள். எங்கே அழுகை வரும் என்று அவளுக்குத் தெரியும், கேட்கிறவர்களுக்கும் அங்கேதான் வரும். ஞாயிறு பள்ளியில் வாங்கின பரிசுகள் அலமாரியில் இருக்கின்றன. சோறு பொங்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசி எடுத்துப் பானையில் போடத் தவறியதில்லை. இத்தனையும் செய்தவளுக்கு ஏசுநாதர் யார் என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். ஆனால் அவர் அவளிடம் என்றைக்காவது எதையாவது கேட்டிருக்கிறாரா என்றால் இல்லை. நடுவீட்டில் படம் மாட்டி, மாலை போட்டு வைத்திருக்கிற பெரியப்பா மாதிரி அவர் இருந்தார். மரியாதைக்குக் குறைவில்லை. வீட்டு விஷயத்தில் தலையிட மாட்டார். அவரிடம் போய் நான் ஒருத்தியை இவ்வளவு வெறுக்கிறேன் என்று யாராவது சொல்வார்களா? படத்துக்கு முன்னால் நல்ல வார்த்தைதான் பேசுவார்கள். இப்போது பீடத்தில் ஐயர் பாத்திரத்தின் மேலிருந்த துணியை எடுத்தார். வெள்ளைத் துணி. துணியைப் பார்க்கக் கூடாது, துணியை நினைக்கக் கூடாது, நினைத்தால் அந்த ஃபோன் வரும்.

வந்துவிட்டது. அன்றைக்கு கெத்சியாள் சென்னையில் இருந்தாள், மகன் வீட்டில், மருமகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க. ஹெப்சிதான் கூப்பிட்டாள். காய்ச்சல் அடிக்குதும்மா என்றாள். மேல் முழுக்க வலிக்குது என்றாள். டாக்டர்கிட்டப் போடி என்று கெத்சியாள் கத்தினாள், இதை அவள் ஆயிரம் தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாகிவிட்டது, நான் கத்தினேன், நான் சொன்னேன், என்மேல் பிழை இல்லை. ஹெப்சி சிரித்தாள். காய்ச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு. அத்தை ராத்திரி பூரா பக்கத்துலயே இருக்காவம்மா, தலையில ஈரத்துணி போட்டு மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டே ஜெபிக்கிறாவ, கண்ணே மூடலை என்றாள். பிறகு குணசீலி ஃபோனை வாங்கினாள். அவள் அப்போதெல்லாம் கீழத்தெருவில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லிக்கொடுக்கிற கூட்டம். மதினி நீங்க பயப்படாதீங்க, நான் ஆண்டவரப் பிடிச்சிக்கிட்டிருக்கேன், விடமாட்டேன் என்றாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைபோட்டு வண்டியில் ஏற்றியபோது பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்ததாம். ரயிலில் வரும்போதே செய்தி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஜன்னலுக்கு வெளியே வெயில். எதிரில் இருந்தவர்கள் எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் கெத்சியாளால் நினைக்க முடியும். நினைத்து நினைத்துக் காய்ப்பு ஏறிவிட்டது. நினைக்க முடியாதது அந்த ஈரத்துணி ஒன்றுதான். கண்ணே மூடலை. கொன்றவள் என்றால் கொன்றவளாக இருக்க வேண்டும். கொன்றவள் எதற்காக ராத்திரி பூரா துணி நனைத்துப் போட்டாள்? அந்த இடத்தில் நினைப்பு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடும். இழுத்தால் கிழியும். அவள் இழுக்க மாட்டாள், பின்னால் வந்து வேறு பக்கம் போய்விடுவாள்.

முதல் பெஞ்சு எழுந்தது. ஐயோ, தொடங்கிவிட்டார்கள். போனால் போகட்டும், அவள் எழுந்திருக்க மாட்டாள். எழுந்திருக்க ஆள் வேண்டும் அவளுக்கு. முழங்கால்போட்டால் தானாக எழ முடியாது, முன்பும் முடியாது. ஹெப்சிதான் தூக்குவாள். கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்து அதுதான் நடந்தது: இரண்டு பேரும் அடுத்தடுத்து முழங்கால்போடுவார்கள், ரசம் குடித்ததும் ஹெப்சி முதலில் எழுந்து, இடது கையை மாமியாரின் கக்கத்துக்கு அடியில் கொடுத்து, வலது கையை இடுப்பைச் சுற்றிப் போட்டு, ஒரு தம் பிடித்துத் தூக்கி நிறுத்துவாள். பின் பெஞ்சிலிருந்து கெத்சியாள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்றவளுக்கு ஒரு நாள் கால் அமுக்கிவிட்டதில்லை, அங்கே என்ன உபசாரம் என்று எரிச்சலாக இருக்கும். ஆமாம், அப்போதே எரிச்சல் இருந்தது. மகள் உயிரோடு சிரித்துக்கொண்டு நின்ற காலத்திலேயே. அப்படியானால் இந்தக் கோபம் எங்கே தொடங்கியது? ஹெப்சி செத்ததிலிருந்தா, அதற்கு முன்பிருந்தா? இதென்ன கேள்வி, இந்த நேரத்தில். இரண்டாவது பெஞ்சு எழுந்தது. செருப்பில்லாத பாதங்கள் தரையில் தேய்கிற சத்தம் கிட்ட வந்தது. கெத்சியாளுக்கு உள்ளங்கை வேர்த்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. குணசீலி வந்துவிடுவாளோ என்பதல்ல பயம், அது மேலே தெரிகிற பயம். அடியில் ஒன்று இருந்தது. மகளுடைய சேலைகளை மாதர் சங்கத்து ஏலத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. மருமகன் ரெஜி மஸ்கட்டில் இருக்கிறான், வேறு கல்யாணம் பேசுகிறார்கள், அவனையும் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் குரல் கூட இப்போதெல்லாம் சரியாக ஞாபகத்துக்கு வருவதில்லை. இந்தக் கோபம் ஒன்றுதான் அன்றைக்கு இருந்த சூட்டோடு அப்படியே இருக்கிறது. இதையும் கீழே போட்டுவிட்டால் கையில் ஹெப்சி என்று என்ன மிச்சம்? மன்னிக்கச் சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கை வெறுங்கையாகிவிடும் அல்லவா. அதை யோசித்தீரா ஆண்டவரே?

குணசீலியின் பெஞ்சு எழுந்தது. வழக்கம்போல அவள் காலைச் சாய்த்தாள், ஒவ்வொருத்தியாக உரசிக்கொண்டு வெளியே போனார்கள், வழக்கம்போல. கெத்சியாளுக்கு மூச்சு வந்தது. பார், உட்கார்ந்துதானே இருக்கிறாள், வீணாகப் பயந்தோம். அவள் தன் பெஞ்சின் ஓரத்திலிருந்து எழுந்து வழிக்கு வந்தாள், சேலை நுனியைச் சரிசெய்தாள். அப்போது குணசீலி தனக்கு முன்னால் இருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்தாள். பிடித்து, ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, மெல்ல மெல்ல, இருக்கிற எலும்பையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூட்டி எடுக்கிறவள் மாதிரி, எழுந்தாள். எழுந்து கெத்சியாளுக்கு முன்னால் வந்து நின்றாள். கோயிலில் பாட்டு நின்றுவிட்டதோ என்று கெத்சியாளுக்குத் தோன்றியது. நிற்கவில்லை, பாட்டு போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் பாடுகிற வாய்கள் குறைந்துவிட்டன. பொம்பிளைகள் பக்கம் அத்தனை கண்ணும் இவர்கள் இரண்டு பேர்மேல். பிடரி நடந்தது. அதன் பின்னால் கெத்சியாள் நடந்தாள். என்ன செய்வது? மயக்கம் வந்த மாதிரி உட்கார்ந்துவிடலாமா? வெளியே போய்விடலாமா? செயலாளர் பாதியில் எழுந்து வெளியே போனால் என்ன பேசுவார்கள்? ஒரு வருஷமாகக் குணசீலி இந்தப் பார்வைகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள், மாதா மாதம். அந்த நினைப்பு எங்கிருந்தோ வந்து குத்தியது. நான் ஒரு நிமிஷம் தாங்க மாட்டேன் என்கிறேன், இவள் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். பொய்யாக வந்து முழங்கால்போடுவதற்கு இவளுக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு வந்தது. மாதா மாதம் வந்தது. அப்படியானால் இந்தக் கோயிலில் ஆண்டவருக்குப் பயந்தவள் யார்?

கிராதிக்கு வந்துவிட்டார்கள். குணசீலி மரத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டாள், மறு கை பிடிமானம் தேடிக் காற்றில் துழாவி, கெத்சியாளின் தோளில் விழுந்தது. யார் தோள் என்று பார்த்து வைத்த கை அல்ல அது. முழுப் பாரத்தையும் அந்தத் தோளில் இறக்கிவிட்டுத்தான் அவளால் முழங்கால்போட முடிந்தது. பக்கத்தில் கெத்சியாளும் இறங்கினாள். தோளில் அந்தக் கை வைத்த இடம் ஈரமாக இருந்தது, அல்லது அப்படித் தோன்றியது. சுருக்கம் விழுந்த சிவப்பு மெத்தை. கிராதியில் யாரோ நகத்தால் சுரண்டின வார்னிஷ். ஐயர் அப்பத் தட்டோடு வந்தார். குணசீலி இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். அந்தக் கைகளை கெத்சியாள் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். துணி பிழிந்த கைகள். அப்பம் விழுந்தது, வாய்க்குப் போனது. அடுத்தது தன் கை. அப்பம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது, பாரமே இல்லாமல். வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். கை போகவில்லை. எத்தனையோ வருஷமாகத் தானாகப் போகிற கை, இன்றைக்கு என்ன கேடு வந்ததோ, விரல்கள் மூடிக்கொண்டன. ஐயர் கடந்துபோய்விட்டார். கெத்சியாள் மூடிய கையோடு முழங்காலில் இருந்தாள். சாப்பிடு, சாப்பிட்டுவிடு, யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்றுதான் இதுவரைக்கும் சாப்பிட்டாய்.

பாத்திரம் வந்தது. குணசீலி அண்ணாந்தாள். அவள் பல் வெள்ளி விளிம்பில் பட்டு டிக் என்றது. ஒரு மடக்கு விழுங்கினாள், விழுங்கின சத்தம் கெத்சியாளுக்குக் கேட்டது, தாகத்தில் கிடந்த ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினால் கேட்கிற சத்தம். கன்னத்தில் கண்ணீர் இறங்கி நாடியில் நின்றது. ஐயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தார். துணி. தலையில் ஈரத்துணி போட்டு மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டே. முள்ளில் மாட்டின சேலை கிழிந்தது. அவள் கொல்லவில்லை. அவள் கொல்லவில்லை, அவள் பிள்ளைமேல் உயிரை வைத்திருந்தாள், உயிரை வைத்துக்கொண்டே மடத்தனமாகச் சாகக்கொடுத்தாள், இரண்டும் ஒரே கைதான், இரண்டும் உண்மைதான். இதைத் தாங்க முடியாது ஆண்டவரே. இவள் கெட்டவளாகவாவது இருந்திருக்கலாமே. பாத்திரம் திரும்பி கெத்சியாளின் உதட்டுக்கு நேராக நின்றது. கறுப்புத் திராட்சையின் புளிப்பு மணம். துடைத்தும் போகாத ஒரு மங்கல் விளிம்பில் இருந்தது, குணசீலி உதட்டின் மங்கல். குடித்தால் எல்லாம் தீர்ந்ததாக ஆகிவிடும். தீரவில்லை. குடிக்காவிட்டால் கோயில் முழுக்கப் பார்க்கும். பார்க்கட்டும். பார்த்தால் என்ன? இந்த வாயிலிருந்து இதுவரைக்கும் எத்தனை அழகான வார்த்தை போயிருக்கிறது ஆண்டவரிடம், ஒன்றாவது நிஜமா? கெத்சியாள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

“நான் இன்னும் வரல ஐயரே” என்றாள்.

ஐயருக்குப் புரியவில்லை. பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார். அவள் மூடிய கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ புரிந்திருக்க வேண்டும். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுத்தவளிடம் போனார். கெத்சியாளுக்குக் காது இரண்டும் எரிந்தன. பின்னாலிருந்து ஒரு குசுகுசுப்பு வந்து முதுகில் விழுந்தது. தெரிந்துவிட்டது. இனி மத்தியானத்துக்குள் எல்லார் வீட்டுக்கும் போய்விடும்: செயலாளர் குடிக்கலையாமே. ஆனால் ஆச்சரியம், உள்ளே பயம் இல்லை. பயம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெள்ளையடிக்கக் காலிபண்ணின வீடு மாதிரி ஒரு வெறுமை, அதில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. படத்தில் இருக்கிற பெரியப்பா இல்லை. யாரோ. முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொன்னாயே, அதையாவது சொன்னாயே என்று நிற்கிற மாதிரி இருந்தது. ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஹெப்சி செத்துதான் இருந்தாள். முன்பைவிட நன்றாகவே செத்திருந்தாள், கோபத்தின் மறைவு கூட இல்லாமல்.

வரிசை எழுந்தது. எல்லாரும் தலை வணங்கிவிட்டுத் திரும்பினார்கள். கெத்சியாளும் எழுந்தாள். குணசீலி எழவில்லை. கிராதியைப் பிடித்து உந்தினாள், உடம்பு அசைந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. மறுபடி உந்தினாள். அவளுடைய இடது கை தானாகப் பக்கவாட்டில் உயர்ந்து, கக்கம் விரிந்து, யாரோ கை கொடுப்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றது. பழக்கம். ஒரு நொடிதான். பிறகு அவளுக்கே ஞாபகம் வந்து கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அடுத்த வரிசை வந்து பின்னால் நின்றுவிட்டது. கூட வந்த பொம்பிளைகள் பாதி வழி போய்விட்டார்கள். குணசீலி தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

“நீங்க போங்க மதினி. நான் மெல்ல எந்திரிச்சிக்கிடுதேன்.”

போகலாம். அவளே போகச் சொல்கிறாள். ஒரு கையால் தூக்கிவிடலாமா என்று கெத்சியாள் குனிந்து பார்த்தாள், தோளைப் பிடித்தாள், அது நடக்கிற காரியமாக இல்லை. இந்த உடம்பை ஒரு கையால் அசைக்க முடியாது. மறு கையில் அப்பம். வேர்வையில் நமத்து உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே போட முடியாது, இடுப்பில் செருக முடியாது, ஐயரிடம் திருப்பிக் கொடுக்க அவர் அந்தக் கோடியில் இருக்கிறார். கையைக் காலிபண்ண ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதற்குத் தகுதி உண்டா இல்லையா என்று யோசிக்க நேரம் இல்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், இவள் தரையில் கிடக்கிறாள். கெத்சியாள் உள்ளங்கையை வாயோடு வைத்து அப்பத்தை நாக்கால் எடுத்துக்கொண்டாள். பிறகு இடது கையைக் கக்கத்துக்கு அடியில் கொடுத்தாள், வலது கையை இடுப்பைச் சுற்றிப் போட்டாள். எந்தக் கை எங்கே என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பின் பெஞ்சிலிருந்து மாதா மாதம் பார்த்ததுதான். தம் பிடித்துத் தூக்கினாள். தூக்கின வேகத்தில் அப்பம் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அம்மாடி, என்ன பாரம். ஹெப்சி ஒல்லிப் பிள்ளை, கை முருங்கைக்காய் மாதிரி இருக்கும், இந்தப் பாரத்தை அவள் எப்படித் தூக்கினாள், தூக்கிவிட்டு எப்படிச் சிரித்தாள்? குணசீலியின் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, வேர்வையும் தைல வாடையுமாக கெத்சியாளின்மேல் சாய்ந்தது. இரண்டு பேரும் பாதி எழுந்தும் எழாமலும் கிராதிக்குப் பக்கத்தில் தள்ளாடினார்கள். தாழ்த்தி ஆரம்பித்து, தழுதழுத்து, உயர்த்தி முடிக்கிற குரல் இப்போது வரவில்லை.

“கனக்குது ஆண்டவரே” என்றாள் கெத்சியாள்.

அது பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. குணசீலிக்குக் கேட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த உதவாத முழங்கால்களை ஊன்றி, தன் பாரத்தில் கொஞ்சத்தையாவது தானே தாங்கிக்கொள்ளப் பார்த்தாள்.